"டாக்டர், அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை": வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உண்மையான கேள்வியைக் கடைசி வரியில்தான் பலர் கேட்கிறார்கள்: "செலவு குறைவாக வேறு வழி உண்டா?" இந்த முறை அப்படிப்பட்ட கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முழுச் சிகிச்சை, அது முடியாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். நடுவில் பல படிகள் உண்டு. சில நோய்களில் மட்டும் அந்தப் படிகள் குறைவு, நேரமும் குறைவு. அவை எவை என்பதும் கீழே வரும்.

கேள்வி: நாய்க்கு நாலு நாளாக வாந்தி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்ததும் "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று கிளம்பி வந்துவிட்டேன். திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது. பணம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

"வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டால் உங்களைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற தயக்கம். ஆக, இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறோம், நாய் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறது.

இன்றே திரும்பப் போங்கள். பட்டியல் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "இன்று என்னால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் எதை முதலில் செய்வீர்கள்?" தொகையை எண்ணாகச் சொல்வது முக்கியம். "கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்றால் அது தள்ளுபடி கேட்பது. எண்ணைச் சொன்னால் மருத்துவர் அதற்குள் ஒரு திட்டம் போடுவார். அப்புறம் இன்னொரு கேள்வி: "இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் மருந்து அதேதான் என்றால், இதைத் தள்ளிவைக்கலாமா?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார், யோசிப்பார். உதாரணமாக, நாய் துணியையோ எலும்பையோ விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே முடிவைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடும், அதை விடக்கூடாது. சந்தேகம் எதுவும் இல்லை, நாய் நடுத்தர வயது, தண்ணீர் குடித்தால் வயிற்றில் நிற்கிறது, வாலை ஆட்டுகிறது என்றால் வாந்தியை நிறுத்த ஊசி போட்டு, தோலடியில் திரவம் ஏற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதும் மருத்துவம்தான். எந்த அறிகுறி தெரிந்தால் காத்திராமல் வர வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி, கிழட்டு நாய், ஏற்கெனவே நோய் உள்ள நாய் என்றால் இந்தப் பொறுமை வேண்டாம்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இப்போது இதை 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் கேர்' என்ற பெயரில் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். மிக உயர்ந்த சிகிச்சையிலிருந்து மிக எளிய சிகிச்சை வரை எல்லாப் படிகளையும் உரிமையாளரின் முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் பாடம். அதனால் நீங்கள் கேட்பது பிச்சை இல்லை.

ஒரு எச்சரிக்கை. மார்பு ஆழமான பெரிய நாய் வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், வயிறு பறை போல உப்பிக்கொண்டே போனால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

கேள்வி: எங்கள் ஆண் பூனை மணல் பெட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, கத்துகிறது. மலச்சிக்கல் என்று நினைக்கிறேன். சம்பளம் வர நாலு நாள் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா?

கூடாது. ஆண் பூனை முக்கினால் மூத்திர அடைப்பு என்றே வைத்துக்கொண்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிர் போகும்.

சிறுநீர் வழியில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டு, சில நாள் உள்நோயாளியாக வைத்துப் பார்ப்பதுதான் வழக்கமான சிகிச்சை. அதற்கு வழியே இல்லாதவர்களுக்காக ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொன்றை முயன்று 2010-இல் வெளியிட்டார்கள். கதீட்டர் இல்லாமல், வலியையும் தசை இறுக்கத்தையும் குறைக்கும் மருந்துகள் கொடுத்து, தேவைப்படும்போது ஊசியால் சிறுநீர்ப்பையைக் காலி செய்து, பூனையை அமைதியான இருட்டறையில் வைத்தார்கள். 15 பூனைகளில் 11 தாமாகவே சிறுநீர் கழித்தன. உடல்நிலை மிக மோசமாகாத பூனைகளுக்குத்தான் இது பொருந்தும், மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். ஆனாலும் "வழக்கமான சிகிச்சைக்குப் பணமில்லை, இப்படி முயன்று பார்க்கலாமா?" என்று கேட்கலாம். தாமதித்தால் இந்தப் படியும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் வீட்டில் இருக்கிறது. ஒரு சொட்டு?

ஒரு சொட்டும் வேண்டாம். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு கிடையாது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். பெரியவர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிப்பு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் காப்பாற்றலாம். மனிதர்களின் வலி மாத்திரையான இபுப்ரோஃபெனை நாய்க்குக் கொடுப்பதும் இதே வகை ஆபத்துதான்: வயிற்றில் புண், அப்புறம் சிறுநீரகம். நாய்க்கான உண்ணி மருந்தைப் பாதியாகப் பிரித்துப் பூனைக்குத் தடவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பணத்தை மிச்சம் பிடிக்கச் செய்யும் காரியங்களில் கடைசியில் அதிகச் செலவு வைப்பவை இவைதான்.

கேள்வி: மூன்று மாத நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய், வாந்தியும் பேதியும். அட்மிட் செய்யச் சொல்கிறார்கள், முடியாத நிலை. வீட்டில் வைத்துப் பார்த்தால் பிழைக்குமா?

வெறுமனே வீட்டில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. மருத்துவர் வகுத்துக் கொடுத்தபடி வீட்டில் வைத்துப் பார்த்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மிகப் பெரியது.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இது. உள்நோயாளியாகத் தீவிர சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. வெளிநோயாளிச் சிகிச்சை பெற்றவற்றில் 80 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றை விட்டுவிடாதீர்கள். அந்தக் குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றி, நீரிழப்பைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அதன்பின் நீண்ட நாள் வேலை செய்யும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, தினமும் வாந்தியை நிறுத்தும் ஊசி, நாளுக்குப் பல முறை தோலடியில் திரவம். ஆக, "அட்மிட் முடியாது. ஆனால் முதல் சில மணி நேரம் டிரிப்ஸ் போட்டு, பிறகு வெளிநோயாளியாகப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். தோலடித் திரவம் ஏற்றுவதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். குட்டியைக் கதகதப்பாக வையுங்கள். அது துவண்டால் ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே போன் செய்யுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் முழுநேரமும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புக்கு அது அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

கேள்வி: வண்டி மோதி நாயின் பின்னங்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. பிளேட் வைக்க மிகப் பெரிய தொகை. காலை எடுத்துவிடுவது செலவு குறைவு என்கிறார் டாக்டர். பணத்துக்காகக் காலை வெட்டினோம் என்ற பழி வராதா?

யார் பழி சொல்வார்கள்? நாய் சொல்லாது. அது மூன்று காலில் நடப்பதைப் பார்த்தவர்களும் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான நாய்களும் பூனைகளும் சில வாரங்களுக்குள் மூன்று காலில் ஓடப் பழகிக்கொள்கின்றன. நொறுங்கிய எலும்பை அரைகுறையாகக் கட்டி, மாதக்கணக்கில் வலியோடும் புண்ணோடும் வைத்திருப்பதைவிடக் கால் எடுப்பது பல நேரங்களில் மேல். மிகப் பருமனான நாய், மற்றக் கால்களில் மூட்டு நோய் உள்ள நாய் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: எலும்பு முறிந்த இடத்தைப் பொறுத்து, கூண்டு ஓய்வு மட்டுமே போதுமா? இடுப்பெலும்பு முறிவுகள் சில அப்படியே கூடிவிடும்.

கேள்வி: எட்டு வயதுப் பெட்டை நாய், கருத்தடை செய்யவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, பின்புறம் சீழ் வடிகிறது. கருப்பையில் சீழ், உடனே அறுவை என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாதா?

போதாது. சீழ் நிறைந்த பை உள்ளேயே இருக்கும்போது மருந்து கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோன் மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் செலவாகும், நாய் அடுத்த முறை பருவத்துக்கு வந்த பிறகு நோய் திரும்பவும் வரலாம். கடன் வாங்கியாவது செய்யலாம் என்று நான் சொல்லும் மிகச் சில அறுவைகளில் இது ஒன்று, ஏனென்றால் இதில் நோய் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. கால்நடைக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே கேளுங்கள். இது எல்லா மருத்துவர்களுக்கும் பழகிய அறுவை, பெரிய கருவிகள் வேண்டியதில்லை. வடியும் சீழ் திடீரென நின்று நாய் துவண்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கருப்பையின் வாய் மூடிக்கொண்டுவிட்டது, ஆபத்து கூடிவிட்டது.

சுவீடனில் காப்பீட்டுக் கணக்குகளைக் கொண்டு பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை 10 வயதுக்குள் இந்த நோயைக் கண்டிருக்கின்றன. இதைப் படிக்கிற மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூட்டு வலிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நாய் கொஞ்சம் குண்டுதான்.

அந்தக் "கொஞ்சம்" என்பதில்தான் மருந்து இருக்கிறது. மூட்டு நோயுள்ள குண்டு நாய்களை வைத்து நடந்த ஒரு ஆய்வில், எடை 6 விழுக்காடு குறைந்தபோதே நொண்டுதல் தெளிவாகக் குறைந்தது. தீனியை அளந்து வையுங்கள், வீட்டில் ஆளுக்கொரு துண்டு போடுவதை நிறுத்துங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம். எடை இறங்க இறங்க அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதே மருந்து வேறு நிறுவனத்தின் பெயரில் மலிவாகக் கிடைக்குமா என்றும் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தடுப்பூசிகளில் எதை விடலாம்?

ரேபிஸை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அறிகுறி வந்துவிட்டால் விலங்கும் பிழைக்காது, கடிபட்ட மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் அவரும் அநேகமாகப் பிழைப்பதில்லை. குட்டியாக இருந்தால் பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் ஊசியையும் விட வேண்டாம். மற்றவை நாய் எங்கே திரிகிறது, யாரோடு பழகுகிறது என்பதைப் பொறுத்தவை. வளர்ந்த நாய்களுக்குச் சில ஊசிகள் ஆண்டுதோறும் தேவையில்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: பதினான்கு வயது நாய்க்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. "பணம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்" என்று மகள் அழுகிறாள். தூங்க வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பணத்துக்காக ஒரு உயிரை முடிப்பது சரியா?

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த வயதில், இந்த நோயில், பணம் வாங்கித் தரக்கூடியது பெரும்பாலும் சில வாரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்கள். அவற்றிலும் பாதி ஆஸ்பத்திரியில் ஊசியோடு போகும். பணம் இருக்கிறவர்களும் கடைசியில் இதே மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். நான் பார்த்தவரை, அவர்களில் பலர் தாமதித்துவிட்டதாகத்தான் வருந்துகிறார்கள்.

முடிவெடுக்க ஒரு அளவுகோல் உதவும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்தது. ஏழு விஷயங்களுக்குப் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண்: வலி (மூச்சுத் திணறலும் இதில் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், அப்புறம் கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. நீங்களும் மகளும் தனித்தனியாகப் போட்டுவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மூச்சுத் திணறலுக்குக் கூடுதல் கனம் கொடுப்பேன். மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் மூச்சுக்குத் திணறும் நாயை வைத்திருக்கக் கூடாது.

மதிப்பெண் இன்னும் நன்றாக இருந்தால், வாந்தியை அடக்கும் மருந்து, வீட்டிலேயே தோலடித் திரவம், நாய் விரும்பிச் சாப்பிடும் உணவு என்று குறைந்த செலவில் சில வாரங்கள் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் சிகிச்சையில் ஒரு படிதான். முடிக்க வேண்டும் என்றால் மருத்துவர் கையால் முடியட்டும். முதலில் மயக்க ஊசி, பிறகு மயக்க மருந்தே அதிக அளவில். வலி தெரியாது. அதற்கும் பணம் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், விலங்கு நல அமைப்புகள் சில இதற்கென்றே உதவுகின்றன. வீட்டில் மாத்திரை கொடுத்து நாமே முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது மணிக்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியில் நின்றுவிடும்.

கேள்வி: அறுவைக்காக இணையத்தில் பணம் திரட்டலாம் என்று இருக்கிறேன். யாராவது கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், நம்பிக்கை வந்தால். மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் போடுங்கள், நோயின் பெயரையும் அறுவைக்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பையும் மருத்துவர் சொன்னபடியே எழுதுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்ய முடிந்தால் தயங்குகிறவர்களும் கொடுப்பார்கள். பணம் மிஞ்சினால் அல்லது விலங்கு இறந்துவிட்டால் அந்தத் தொகை எங்கே போகும் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். திரட்டும்போதே மருத்துவமனையிடம் தவணையும் கேட்டுவையுங்கள். பாதி பணம் கையில் இருந்தால் மீதிக்குத் தவணை தருவது பல இடங்களில் நடக்கிறது. காப்பீடு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பணம் தராது, அடுத்த விலங்குக்கு எடுங்கள்.