மானுடவியலுக்கும் சமூகவியலுக்கும் என்ன வித்தியாசம்? பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்கலாம்?

இரண்டும் மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தைத்தான் ஆராய்கின்றன. அணுகும் வழிதான் வேறு. சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதியபோது, தனிமனிதரின் மனத்துக்குள் போகாமல் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, சமூகப் பிணைப்பு தளரும் இடத்தில் விகிதம் கூடுகிறது என்று வாதிட்டார். மானுடவியலாளர் மலினோவ்ஸ்கியோ 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரண்டு முறை நியூ கினியாவுக்கு அருகிலுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியைக் கற்று, அவர்கள் கூடவே வாழ்ந்து குறிப்பெடுத்தார். எனக்கு இந்த வழிதான் இன்னும் வியப்பு: கேள்வித்தாளில் யாரும் சொல்லாத விஷயங்கள், அவர்கள் கூடவே இருந்தால்தான் தெரியவரும்.

இன்று இரு துறையினரும் மற்றவரின் முறைகளைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, எதை எடுப்பது? எண்களும் கணக்கெடுப்பும் பிடித்தால் சமூகவியல். மாதக்கணக்கில் ஓரிடத்தில் பொறுமையாக இருந்து கேட்க முடியும் என்றால் மானுடவியல். இரண்டும் சேர்ந்த பட்டப்படிப்பு கிடைத்தால் தயங்க வேண்டாம். எங்கே சேர்ந்தாலும், பாடத்திட்டத்தில் ஆய்வுமுறைப் பாடமும் களப்பணியும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.