பெட்ரோல் பங்க்ல நிக்கப்போறது யாரு?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயசு, பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். வீட்ல, கடைல எல்லாம் தமிழ்தான், ஆபீஸ் பேப்பர்தான் மலையாளம். பால் சொசைட்டில வேலை. நான் கே, ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு, வீட்ல யாருக்கும் தெரியாது. சுத்துவட்டார ஊர்ல இருந்து 12 பேர் சேந்து ரெண்டு வருஷமா ஒரு குரூப் வெச்சிருக்கோம். எங்க ஊர்லயே இருக்கற ஒரு திருநங்கை அக்கா வீட்லதான் ஞாயித்துக்கிழமை கூடுவோம், அவங்களே சமைச்சும் போடுவாங்க. இந்த வருஷம் பாலக்காட்டுல நம்மள மாதிரி ஆளுங்க நடத்துற ப்ரைட் ஊர்வலத்துல நாங்களும் சொந்த பேனரோட நடக்கறதா இருக்கோம். வேன் பேசியாச்சு, எல்லாரும் சொசைட்டி முன்னாடி ஏறிக்குவோம், ஃப்ரெண்டு கல்யாணம்னு சொல்லிக்கலாம், அக்காவை மட்டும் சித்தூர் ரோட்டுல பெட்ரோல் பங்க்ல ஏத்திக்கலாம்னு இருக்கோம். போட்டோ வீடியோல என் மூஞ்சி வந்து அம்மா பாத்துட்டா என்ன பண்றது? மாஸ்க் போட்டு நடந்தா அது கோழைத்தனமா? வீட்ல வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

பதில்:

தம்பி, மாஸ்க் கதைய அப்புறம் பேசலாம். முதல்ல அந்த பெட்ரோல் பங்க்.

வேன் வாடகை எவ்வளவு, டீ எங்க குடிக்கறதுன்னு எழுதற மாதிரி போற போக்குல அந்த வரிய எழுதிட்டு நீ பாட்டுக்கு அம்மா, மூஞ்சி, மாஸ்க்னு போயிட்ட. எனக்கு அதுக்கு மேல படிக்க முடியல, லெட்டரை மடிச்சு வெச்சிட்டு காபி போட எந்திரிச்சுப் போயிட்டேன். ரெண்டு வருஷமா யாரு வீட்டுத் திண்ணைல உக்காந்து அழுதீங்களோ, யாரு ஆக்கிப்போட்ட அரிசிம்பருப்பு சோத்துல நெய் ஊத்திச் சாப்பிட்டீங்களோ, அவங்க காலங்காத்தால சேலை கட்டி, பூ வெச்சு, பஸ் ஏறிப்போய் டீசல் வாடைல நிக்கணும். நீங்க எல்லாரும் சொசைட்டி வாசல்ல ஜம்முனு ஏறி, கல்யாணத்துக்குப் போறோம்னு ஊருக்குக் கையாட்டிட்டு வருவீங்க. இது யாரு போட்ட ப்ளான்? அக்காகிட்ட கேட்டீங்களா, இல்ல அவங்க வீட்லயே உக்காந்து, அவங்க குழம்பு கொதிக்க வெக்க உள்ள போன நேரத்துல பேசி முடிச்சீங்களா? கேட்டிருந்தா "பரவால்ல சாமி, நான் அங்கயே ஏறிக்கறேன்"னு அவங்களே சொல்லியிருப்பாங்க, எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லிச் சொல்லியே பழகுன ஜென்மம் அவங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, அந்த பெட்ரோல் பங்க நான் நேர்ல பாத்திருக்கேன். எனக்கு ஒன்பது வயசு இருக்கும், எங்க சித்தி கல்யாணம். பலகாரம் சுட்டது, மாவு இடிச்சது, மண்டபத்துக்கு பாத்திரம் எண்ணி வெச்சது எல்லாமே எங்க பெரியம்மா, ஆனா அவங்க தாலி அறுத்தவங்க, பொண்ணழைப்பு வண்டில ஏறுனா சகுனம் ஆகாதுன்னு பின்னாடி டவுன் பஸ்ல வரச் சொல்லிட்டாங்க. நான் ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். வண்டி ஸ்டாப்பைத் தாண்டும்போது அவங்க முறுக்குத் தூக்க ரெண்டு கைலயும் புடிச்சிட்டு நின்னாங்க, என்னைப் பாத்து சிரிச்சாங்க. நான் கையாட்டல, பக்கத்துல பாட்டி இருந்தாங்க. அம்பது வருஷம் ஆகப்போகுது, பெரியம்மாவும் போய்ச் சேந்தாச்சு, அந்தக் கை இன்னும் என் மடியிலேயேதான் கெடக்கு.

உங்க அக்கா சித்திரைக்கு கூவாகம் போவாங்களான்னு நீ எழுதல. போறவங்கன்னா கூத்தாண்டவர் பேர்ல தாலி கட்டி, மறுநாள் அதை அறுத்து வெள்ளைச்சேலை உடுத்திட்டுத்தான் திரும்புவாங்க. இந்த வருஷம் அறுத்துட்டு வந்த கையோட உங்க வண்டிலயும் அவங்களுக்கு எடமில்ல பாரு.

நீ சொல்லப்போற சமாதானமும் எனக்குத் தெரியும். "அக்காவோட பாத்தா எங்களையும் ஊர்ல கண்டுபுடிச்சிருவாங்க, அக்காவைப் பத்திதான் ஏற்கனவே எல்லாருக்கும் தெரியுமே." ஆமா, தெரியும். அப்ப ஒளிய வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல, உனக்குத்தான். யாருக்கு ஒளியணுமோ அவன்தான பங்குக்குப் போகணும்? ஒளியற அவசியமே இல்லாதவங்கள ஊருக்கு வெளிய கொண்டு நிறுத்திட்டு ஒளியறவன் ஊர் நடுவுல வண்டி ஏறறது எந்த ஊரு நாயம்?

ஒரு விஷயம் உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். ஆம்பளையும் ஆம்பளையும் சேந்தா குற்றம்னு சொன்ன சட்டப்பிரிவு 377, அத எதுத்துப் போட்ட கேஸ் 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்ல தோத்துப் போச்சு, உன்ன மாதிரி பசங்க மறுபடியும் குற்றவாளி ஆனாங்க. நாலே மாசத்துல, 2014 ஏப்ரல் 15, அதே கோர்ட்ல திருநங்கை, திருநம்பிங்களுக்குத் தீர்ப்பு சாதகமா வந்துச்சு. அதுக்கப்பறம் 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு 377ல இருந்து உங்கள விடுவிச்சாங்களே, அதுல ஜட்ஜுங்க திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுனது அந்த 2014 தீர்ப்பத்தான். அதாவது உங்க அக்கா முதுகுல ஏறித்தான் நீ அந்தச் சுவரைத் தாண்டியிருக்க. கேரளாவுல 2015ல திருநருக்குன்னு தனிக் கொள்கையே வந்துச்சு, நாட்டுலயே முதல்ல. 2019 சட்டப்படி ஊரோ வீடோ அவங்களத் துரத்துனா ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். சோறு தின்ன பசங்க பங்க்ல நிக்க வெச்சா என்னன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல.

சாமி காரியத்துல மட்டும் நம்மாளுங்களுக்குக் கூச்சமே வராது, அதையும் சொல்லிடறேன். கொல்லம் பக்கம் சவறால கொட்டங்குளங்கரை கோயில்ல மலையாள மீன மாசம், அதாவது நம்ம பங்குனி வாக்குல, 10, 11 தேதில ஆம்பளைங்க சேலை கட்டி, பொட்டு வெச்சு, விளக்கு எடுத்து வரிசைல நிப்பாங்க, பொண்டாட்டிமாரே கூட நின்னு மடிப்பு எடுத்து விடுவாங்க. ரெண்டு ராத்திரிக்கு அது புண்ணியம். வருஷம் பூரா சேலை கட்டறவங்கன்னா பெட்ரோல் பங்க்.

சரி, உன் கேள்விக்கு வரேன். மாஸ்க் போட்டா கோழை இல்ல. 1999 ஜூலை 2ல கல்கத்தாவுல நம்ம நாட்டு முதல் ப்ரைட் நடந்தப்ப வந்தது பதினஞ்சு பேர்தான், உங்க வேனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கு. 2008ல டெல்லில முதல் தடவை நடந்தப்ப நெறைய பேர் மாஸ்க் மாட்டித்தான் வந்தாங்க, அப்ப 377 உயிரோட இருந்துச்சு. உனக்கு சட்டம் போயிடுச்சு, சொந்தக்காரங்க போகல, அதனால போட்டுக்கோ. போட்டோ புடிக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வை, பேட்டி யாரு குடுக்கறதுன்னு ஒரு ஆளை முடிவு பண்ணிக்கோங்க, ஊர் பேரை பேனர்ல போடணுமான்னு 12 பேரும் உக்காந்து பேசுங்க, ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம்.

அம்மா விஷயம். ஊர்ல எவனோ போனை நீட்டி "இது உங்க பையனா"ன்னு கேட்டு ஒரு அம்மா தெரிஞ்சுக்கக் கூடாது, அது பெத்தவளுக்குப் பண்ற துரோகம்னு நினைக்கற பழைய ஆளு நான். அதுக்காக நாளைக்கே போய் உடைச்சுச் சொல்லுன்னும் சொல்லல, உன் வீடு உனக்குத்தான் தெரியும். ஆனா பொண்ணு பாக்கறது இந்த வாரமே நிக்கணும். காரணம் சொல்ல முடியலன்னா இப்ப கல்யாணம் வேணாம்னு மட்டுமாவது சொல்லு, திட்டு வாங்கு, ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமக் கெட. ஒருத்தி கழுத்துல தாலியக் கட்டி அவள உனக்கு மாஸ்க்கா மாட்டிக்கிட்டேன்னு கேள்விப்பட்டா எனக்கு எழுதாத, நான் படிக்க மாட்டேன்.

இப்ப வண்டி. அது முதல்ல அக்கா வீட்டு வாசலுக்குப் போகட்டும். அவங்க டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காரட்டும், வயசுல மூத்தவங்க, அந்த மரியாதை அவங்களுக்கு உண்டு. அவங்களோட ஏறத் தயாரா இருக்கறவங்க சொசைட்டி முன்னாடி ஏறுங்க. பயமா இருக்கறவங்க, உன்னையும் சேத்துத்தான் சொல்றேன், பஸ் புடிச்சு பங்குக்குப் போய் நில்லுங்க. அதுல தப்பே இல்ல, பயப்பட காரணம் இருக்கு. பேனரை மட்டும் அக்காகிட்ட குடுத்துட்டுப் போ, கசங்காம மடில வெச்சுக்குவாங்க.

டிரைவருக்கு இன்னிக்கே போன் போட்டு ரூட்டை மாத்திச் சொல்லிடு.