கீபோர்டுக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலும் வாசிப்பேன். கல்யாண மண்டபங்களில் சவுண்ட் சர்வீஸ்காரர் மேடையில் எங்கள் காதுக்காக வைக்கிற ஸ்பீக்கரில் (மானிட்டர்) டிரம்ஸும் பாடகர் குரலும்தான் வருகின்றன, நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. நண்பர் தன் கிடார் ஆம்பை மலிவாகத் தருகிறேன் என்கிறார். ஒரு கடையில் கீபோர்டு ஆம்ப் காட்டினார்கள், இன்னொரு கடையில் ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர். எதை வாங்கலாம்? எத்தனை வாட்ஸ் வேண்டும்?

பதில்: நண்பரின் கிடார் ஆம்பை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். 88 கட்டை கீபோர்டின் அடி ஸ்வரம் 27.5 ஹெர்ட்ஸ், உச்சி ஸ்வரம் ஏறக்குறைய 4,186 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே கிளம்பும் கிளை ஒலிகளும் சேர்ந்தால்தான் பியானோ பியானோவாகக் கேட்கும். கிடார் ஆம்பின் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் போனதுமே சரிந்துவிடும், உச்ச ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரும் கிடையாது. கிடாருக்கு அந்த மழுங்கல் அழகு. உங்கள் ஸ்ட்ரிங்ஸும் பெல்லும் அதில் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும்.

அடுத்து ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி யாருக்காக? மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேருக்கு சவுண்ட் சர்வீஸின் பெரிய பாக்ஸ்கள் இருக்கின்றன. நீங்கள் வாங்கப்போவது உங்கள் இரண்டு காதுக்கு. இதை மறந்துவிட்டுப் பலர் 15 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெட்டியை வாங்கி, மாடி மண்டபத்துக்குத் தூக்கிச் செல்ல ஆள் தேடுகிறார்கள்.

கீபோர்டு ஆம்பில் ஒரு வசதி உண்டு. சின்ன மிக்சர் உள்ளேயே இருப்பதால் இரண்டு கீபோர்டும் ஒரு மைக்கும் நேராகச் சொருகலாம். ரோலண்ட் கேசி வரிசை இதற்குப் பெயர் போனது. அதில் கேசி-600 என்பது 200 வாட்ஸ், 15 இஞ்ச். சர்ச்சில் வேறு சவுண்ட் சிஸ்டமே இல்லை, பெட்டி அங்கேயே நிரந்தரமாக இருக்கும் என்றால் இதை யோசிக்கலாம். வாரம் ஒரு மண்டபம் என்று அலைகிறவருக்கு என் ஓட்டு 10 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கருக்குத்தான். யமஹா டிபிஆர்10 மாதிரியான பெட்டி பத்தரைக் கிலோதான். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தால் மானிட்டர், ஸ்டாண்டில் ஏற்றினால் சின்ன ஹாலுக்கு அதுவே சிஸ்டம். ஒன்று போதும்.

வாட்ஸ் விஷயத்தில் அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். அதே டிபிஆர்10-இல் கொட்டை எழுத்தில் 700 வாட்ஸ் என்றிருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்சம். தொடர்ந்து கொடுப்பது 325. நல்ல கம்பெனி இரண்டையும் சொல்லும். பிஎம்பிஓ என்று, விற்பதற்காக ஊதிக் காட்டும் உச்ச வாட்ஸை ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 300-க்கும் 400-க்கும் நடுவே அடித்துக்கொள்வதில் பயனில்லை.

மிச்சப்படும் காசில் ஒரு டிஐ பாக்ஸ் வாங்குங்கள். கீபோர்டின் சிக்னலை நீள ஒயரில் இரைச்சல் ஏறாதபடி மாற்றி மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. உங்கள் பிரச்சினையைத் தீர்ப்பதில் ஸ்பீக்கரைவிட இதற்குப் பங்கு அதிகம். கீபோர்டின் எல்/மோனோ ஜாக்கிலிருந்து டிஐ-க்கு ஒரு குட்டை ஒயர். டிஐ-யின் லிங்க் ஜாக்கிலிருந்து உங்கள் ஸ்பீக்கருக்கு. எக்ஸ்எல்ஆர் முனையிலிருந்து (மைக் ஒயரில் இருக்கும் மூன்று பின் முனை) சவுண்ட் சர்வீஸ் மிக்சருக்கு. இப்போது ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் குமிழை எவ்வளவு திருகினாலும் ஹாலில் ஒன்றும் மாறாது. மிக்சரில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குச் சைகை காட்டிக் கை வலிக்க வேண்டாம்.

இரைச்சலுக்கும் இதுவே மருந்து. கீபோர்டின் சாதா ஒயரை மேடையிலிருந்து மிக்சர் வரை இழுத்தால், வழியில் இருக்கும் சீரியல் செட், டிம்மர் எல்லாவற்றின் உறுமலையும் அது வாரிக்கொண்டு வரும். டிஐ-யில் கிரவுண்ட் லிஃப்ட் என்றொரு சின்ன சுவிட்ச் இருக்கும், உறுமல் வந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே பிடுங்கிவிடுகிறார்கள். உறுமல் போகும், அப்புறம் மைக்கில் உதடு பட்டவருக்கு ஷாக் அடிக்கும். அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று: ஒரே ஸ்பீக்கர் என்றால் எல், ஆர் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஸ்டீரியோ பியானோ டோன்களில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒலி சோகையாகிவிடும். எல்/மோனோ ஒன்றில் மட்டும் சொருகினால் பெரும்பாலான கீபோர்டுகள் தாமே சரியாகக் கலந்து தரும்.

கடைக்கு உங்கள் கீபோர்டையே தூக்கிக்கொண்டு போங்கள். டெமோ பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். பெட்டியைத் தரையில் வைத்து, மேடையில் இருக்கிற தூரத்தில் நின்று, பியானோ டோனில் அடி ஆக்டேவை இரண்டு கையாலும் ஓங்கி அடியுங்கள். கடகடத்தால் வேறு பெட்டி.

கேள்வி: வேளச்சேரியில் வீட்டு விசேஷங்களில் கீபோர்டு ரிதத்தோடு தனியாகப் பாடுகிறேன். பெரும்பாலும் மொட்டைமாடி. எனக்கும் 10 இஞ்ச் ஒன்று போதுமா?

பதில்: போதாது அம்மா. உங்களுக்கு டிரம்ஸ், பேஸ், பாட்டு எல்லாமே அந்தப் பெட்டிதான். மொட்டைமாடியில் சுவர் இல்லாததால் பேஸ் காற்றோடு போய்விடும். 12 இஞ்ச் இரண்டு, ஸ்டாண்டில், மைக்குக்கு முன்னால். மைக் ஸ்பீக்கரைப் பார்த்தால் ஊளையிடும். இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய மண்டபத்துக்குத்தான் விலக்கு.

கேள்வி: பில் வேண்டாமென்றால் விலை குறைக்கிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பவர்டு ஸ்பீக்கரில் போர்டு போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே பில்லைத்தான். பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். வழக்கென்று வந்தால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள்.