வேகவாசிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேகமாக வாசிக்கக் கற்றுக்கொள்வது பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே விதமான நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்ததால், அவற்றுள் ஆறு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் ஒருசேர விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள ஒரு பயிற்சி நிலையம் ‘ஒரே மாதத்தில் நிமிடத்துக்கு 1,000 சொற்கள்’ என்று விளம்பரம் செய்கிறது. சொல் சொல்லாகப் படிக்காமல், பார்வைப் பரப்பை விரித்து, ஒரு வரி முழுவதையும் ஒரே பார்வையில் உள்வாங்கக் கற்றுக்கொடுப்பார்களாம். கட்டணம் கட்டிச் சேரலாமா?
— கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: சேர வேண்டாம். அந்த வேகத்தில் பக்கங்களைப் புரட்டக் கற்றுக்கொள்ளலாம். அந்த வேகத்தில் படித்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ள முடியாது.

வாசிக்கும்போது கண் வரியின் மேல் ஒரே சீராக நகர்ந்து செல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவித்தான் செல்கிறது என்பது 1870களின் இறுதியிலேயே, பாரிஸில் எமீல் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்பட்டுவிட்டது. ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் இடையில் கண் ஏறத்தாழ கால் விநாடி நிற்கிறது. எழுத்துகளைப் பார்ப்பது அந்த நிற்கும் நேரத்தில்தான். நிற்கும்போதும் விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே எழுத்துகளைத் தெளிவாகப் பிரித்தறியும் கூர்மை உண்டு. கையை முழுவதுமாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தக் கூர்மையின் பரப்பு. இந்தப் பத்தியில் ஏதேனும் ஒரு வரியின் நடுவில் உள்ள சொல்லின் மேல் கண்ணை அசைக்காமல் நிறுத்திப் பாருங்கள். பக்கத்துச் சொல்லை ஒருவாறு படித்துவிடலாம். அதற்கு அப்பால் ஒரு சொல் இருக்கிறது என்பது தெரியுமே தவிர, என்ன சொல் என்பது தெரியாது.

இந்த எல்லையை ஜார்ஜ் மெக்காங்கி, கீத் ரெய்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். கண் திரையில் எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றியுள்ள சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளையெல்லாம் கணினி உடனுக்குடன் மாற்றிவிடும் வகையில் அவர்கள் சோதனையை அமைத்தார்கள். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளும் வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்துகளும் தெரிந்தால் போதும், வாசிப்பு குறைவின்றி நடக்கும் என்பது இத்தகைய சோதனைகளில் தெரியவந்தது. அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் வாசிப்பவருக்கு அதனால் பயனில்லை. வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ரு மொழியில் இந்தப் பரப்பு இடப்பக்கமாக நீள்கிறது. ஆகவே, கூர்மையின் எல்லையை விழித்திரை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எந்தப் பக்கம் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கவனமும் மொழியும் வகுக்கின்றன. கண்ணை இடமும் வலமும் உருட்டும் பயிற்சியால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை.

விநாடிக்கு நான்கு முறை கண் நின்றால் நிமிடத்துக்கு 240 முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாகப் படிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள். சிறு சொற்களைக் கண் தாண்டிவிடுவதும் நீண்ட சொற்களில் இருமுறை நிற்பதும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன. நன்றாகப் பழகியவர்கள் இதைவிடக் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நான்கு மடங்கு அல்ல.

கேள்வி: மனத்துக்குள் உச்சரித்துக்கொண்டே படிப்பதுதான் என் வேகத்தைக் குறைக்கிறது என்கிறார்கள். படிக்கும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொண்டே இருந்தால் அந்தக் குரல் நின்றுவிடுமாம். செய்து பார்க்கலாமா?
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: குரல் நின்றுவிடும், அதோடு பொருளும் நின்றுவிடும். வாய்விட்டோ உதட்டை அசைத்தோ படிப்பது வேகத்தைக் குறைக்கும் என்பது சரியே. மனத்துக்குள் ஒலிக்கும் குரல் அதிலிருந்து வேறானது: அது நாக்கின் வேகத்துக்குக் கட்டுப்பட்டதன்று, ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவு வரும்வரை நினைவில் தாங்கிப் பிடிப்பதற்கு உதவுவது. ஹார்டிக், பெட்ரினோவிச் என்ற ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட சோதனையில், தொண்டைத் தசையின் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்தி, அசைவு கூடும்போதெல்லாம் ஒலியெழுப்பி, மாணவர்கள் அந்த உள்குரலை அடக்கும்படி செய்தார்கள். எளிய பகுதிகளைப் படிப்பதில் இதனால் இழப்பு ஏற்படவில்லை. கடினமான பகுதிகளில் புரிதல் குறைந்தது. அலுவலகச் சுற்றறிக்கையைப் படிக்கும் உங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு வெண்பாவை உள்குரல் இல்லாமல் படித்தால் எதுகை எங்கே கேட்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: திரையின் நடுவில் ஒவ்வொரு சொல்லாக மின்னி மறையும் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். கண்ணை அசைக்க வேண்டியதில்லை, பின்னோக்கிச் சென்று மறுபடி படிக்கும் கெட்ட பழக்கமும் ஒழிந்துவிடும் என்று அதில் சொல்கிறார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. போகப் போகச் சரியாகிவிடுமா?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: பின்னோக்கிச் செல்வது கெட்ட பழக்கம் என்ற அடிப்படையே தவறு. நன்கு வாசிக்கத் தெரிந்தவர்களின் கண்தாவல்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பின்னோக்கிய தாவல்களே. எங்கே பொருள் பிசகியது என்று உணர்ந்து, கண் அந்த இடத்துக்கே திரும்புகிறது. இத்தகைய செயலிகள் பரபரப்பாகப் பேசப்பட்ட 2014இல் எலிசபெத் ஷாட்டர், ரெய்னர் முதலியோர் ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமான முறையில் வாக்கியம் காட்டப்பட்டது. ஆனால் கண் கடந்து சென்ற ஒவ்வொரு சொல்லும் உடனே மறைக்கப்பட்டது. திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது புரிதல் கணிசமாகக் குறைந்தது.

தமிழில் இந்த இழப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கருத்து. அரசு அறிவிப்புகளின் நடையில் ஒரு வாக்கியம்: ‘விண்ணப்பத்துடன் சான்றிதழ் இணைக்காதவர்களைத் தவிர மற்றவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.’ எட்டே சொற்கள்தான். இவற்றை ஒவ்வொன்றாக மின்னவிட்டுப் பாருங்கள். ‘இணைக்காதவர்களை’ என்பதில் ஓர் எதிர்மறை, ‘தவிர’ என்பதில் ஒரு விலக்கு, கடைசிச் சொல்லில் இன்னோர் எதிர்மறை. சான்றிதழ் இணைத்த நீங்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா, வேண்டாமா? ‘வேண்டியதில்லை’ என்று முடித்த கண் ‘இணைக்காதவர்களை’ என்ற இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால்தான் விடை உறுதிப்படுகிறது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்கிறது. தலைவலிக்கு நான் மருத்துவம் சொல்ல இயலாது. செயலியை நீக்கிவிடலாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: அமெரிக்க அதிபர் கென்னடி நிமிடத்துக்கு 1,200 சொற்கள் படித்தார் என்று மாணவர்களிடம் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். இன்னும் சிலர் 25,000 சொற்கள் படித்துச் சாதனை படைத்ததாகவும் கேள்விப்படுகிறேன். விரலை வரியின் கீழ் ஓட்டிப் படிப்பதுதான் இதன் இரகசியம் என்கிறார்களே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, கென்னடியின் 1,200 எந்தச் சோதனையிலும் அளக்கப்பட்ட எண் அன்று. அவரைப் பற்றி எழுதிய ஹ்யூ சைடி என்ற பத்திரிகையாளரும் கென்னடியும் பேசி ஏற்றுக்கொண்ட ஓர் ஊகமே அது. கென்னடி வேகவாசிப்பு வகுப்பு ஒன்றில் சிறிது காலம் பயின்றவர் என்பதும், ஆர்வமாக நிறையப் படிப்பவர் என்பதும் உண்மை. அச்சில் ஏறிய எண் வரலாறாகிவிட்டது.

விரலின் கதை ஈவ்லின் உட் என்பவரிடமிருந்து வருகிறது. யூட்டா மாநிலத்தில் ஆசிரியராக இருந்த அவர், கையைப் பக்கத்தின் மேல் ஓட்டிக் கண்ணை அதன் பின்னே இழுத்துச் செல்லும் முறையை வகுத்து, 1959இல் வாஷிங்டனில் தம் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1977இல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகையிலேயே இந்தப் பயிற்சியைப் பெற்றார் என்றால் அதன் செல்வாக்கை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். விரல் வைத்துப் படிப்பதில் தீங்கில்லை. கவனம் சிதறுபவர்களுக்கும், நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் வரி மாறிவிடுபவர்களுக்கும் அது உதவும். ஆனால் விரல் எவ்வளவு வேகமாகப் போனாலும் மூளை தன் வேகத்திலேயே பொருளைத் திரட்டும்.

அப்படியானால் பயிற்சி பெற்றவர்கள் தேர்வில் எப்படி நல்ல மதிப்பெண் பெற்றார்கள் என்று கேட்கலாம். நான் மிகவும் சுவையாகக் கருதும் பகுதி இதுதான். ரொனால்ட் கார்வர் என்ற ஆய்வாளர், வேகவாசிப்பாளர்களின் புரிதலைச் சோதிக்கப் பயன்பட்ட வினாத்தாள்களைப் பாடப்பகுதியைப் படிக்கவே படிக்காதவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் பொது அறிவைக் கொண்டே பாதிக்கு மேல் சரியாக விடையளித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அவர்களைவிடச் சற்றுத்தான் முன்னே நின்றார்கள். வினாத்தாள் எளிதாக இருந்தால் பக்கத்தைப் புரட்டியவரும் படித்தவராகத் தோன்றுவார். மார்செல் ஜஸ்ட், பேட்ரிஷியா கார்ப்பென்டர் ஆகியோர் இன்னும் கறாரான ஒப்பீட்டைச் செய்தார்கள்: வேகவாசிப்புப் பயிற்சி பெற்றவர்கள், இயல்பாகப் படிப்பவர்கள், பயிற்சியே இல்லாமல் ‘மேலோட்டமாகப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள் என மூன்று குழுக்கள். எளிய பகுதிகளின் சாரத்தைச் சொல்வதில் பயிற்சி பெற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்தவர்களைவிடச் சற்று மேல்; நுணுக்கமான செய்திகளிலும் கடினமான பகுதிகளிலும் அந்த மேன்மையும் இல்லை. இயல்பான வேகத்தில் படித்தவர்கள் இரு குழுவினரையும் விஞ்சினார்கள். பயிற்சி நிலையங்கள் விற்பது மேலோட்ட வாசிப்பைத்தான் என்று இதைக் கொண்டே சொல்கிறேன்.

25,000 போன்ற எண்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இத்தகைய விளம்பரங்கள் மக்களை ஏமாற்றுபவை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1998இல் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பாடநூல்கள் மலைபோல் கிடக்கின்றன. தேர்விலும் நேரம் போதவில்லை. தமிழில் நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் படித்தால் தேறலாம்? வேகவாசிப்பு பொய் என்றால் வேறு என்னதான் வழி?
— போட்டித் தேர்வர், விருதுநகர்

பதில்: நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். ‘வராதவர்களுக்கும்’ என்ற ஒரே சொல்லில் வினை, எதிர்மறை, பன்மை, வேற்றுமை, உம்மை ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. தமிழில் சொல் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதால் நீங்கள் மெதுவாகப் படிக்கிறீர்கள் என்று பொருளாகாது.

மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 54 விநாடிகள். பெரும்பாலான வினாக்களைப் படித்து முடிக்க அதில் ஒரு பகுதியே போதும். மீதி நேரம் போவது நினைவுபடுத்துவதிலும், இரண்டு விடைகளுக்கு நடுவில் தயங்குவதிலும்தான். கண்ணை விரைவுபடுத்தி இந்தத் தயக்கத்தைப் போக்க முடியாது. மாறாக, ‘தவறான இணையைத் தேர்ந்தெடுக்க’ என்ற வினாவில் ‘தவறான’ என்ற சொல்லைத் தாண்டிச் சென்று, முதலில் கண்ட சரியான இணைக்கு விடை குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். தேர்வுக்கூடத்தில் வினாவின் கடைசிச் சொல்லையும் ‘தவறான’, ‘பொருந்தாத’, ‘அல்லாத’ போன்ற சொற்களையும் வேண்டுமென்றே நின்று படியுங்கள்.

வீட்டில் படிப்பதைப் பொறுத்தவரை, வேகத்தை உண்மையில் கூட்டுவது சொல்வளமும் பொருளறிவும்தான். தெரிந்த சொல்லில் கண் குறைந்த நேரமே நிற்கிறது; அறியாத சொல்லிலும் எதிர்பாராத சொல்லிலும் கூடுதலாக நிற்கிறது. கண்தாவல் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிசெய்திருக்கும் செய்தி இது. இந்திய அரசமைப்பைப் பற்றிய முதல் நூலைப் படிக்க உங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தால், அதே பொருளில் அமைந்த இரண்டாம் நூல் அவ்வளவு நாள் எடுக்காது. ஆகவே ஒரு பொருளை எடுத்தால் தொடர்ந்து அதிலேயே சில நூல்களைப் படியுங்கள். வரலாற்றில் பத்துப் பக்கம், அறிவியலில் பத்துப் பக்கம் என்று மாறி மாறித் தாவுவது வேகத்தைக் குறைக்கும்.

மேலோட்ட வாசிப்புக்கும் இடம் உண்டு. அதை அந்தப் பெயரிலேயே பயன்படுத்துங்கள். புதிய நூலைக் கையில் எடுத்ததும் பொருளடக்கம், உட்தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம் ஆகியவற்றைப் பார்த்து, எது உங்களுக்குத் தெரிந்தது, எது புதியது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த பகுதிகளைக் கூச்சமின்றித் தாண்டலாம். புதிய பகுதியை ஒருமுறை இயல்பான வேகத்தில் படித்து, நூலை மூடி, நினைவில் நிற்பதை எழுதிப் பாருங்கள். மூன்று முறை வேகமாகப் புரட்டுவதைவிட இதற்குச் செலவாகும் நேரம் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனைக் கோடை விடுமுறையில் வேகவாசிப்பு வகுப்பில் சேர்க்கலாமா? அவன் விரல் வைத்து, வாய்விட்டுத்தான் படிக்கிறான். படித்த கதைப் புத்தகத்தையே மறுபடியும் எடுக்கிறான்.
— தாய் ஒருவர், புதுச்சேரி

பதில்: சேர்க்க வேண்டாம், அம்மா. அந்த வயதில் விரலும் குரலும் குறைபாடுகள் அல்ல. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து சரளமாகப் படிக்கும் நிலைக்குக் குழந்தைகளைக் கொண்டுசெல்லும் வழி என்று ஆசிரியர்களே வகுப்பில் கையாளும் முறை. உங்கள் மகன் அதைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறான். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: நாள்தோறும் படித்தும், பழகிய சொற்களைக்கூட அவன் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத்துக்கூட்டுகிறான் என்றால், அல்லது வாய்விட்டுப் படித்த கதையைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால், முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள், அதில் குறை இல்லையென்றால் பள்ளி ஆசிரியரிடம் பேசி, கற்றல் குறைபாடு உள்ளதா என்று உரிய வல்லுநரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வகுப்புக்குக் கட்டவிருந்த பணத்துக்கு அவனுக்குப் பிடித்த கதைப் புத்தகங்களையே வாங்கிக் கொடுத்துவிடலாம்.