பிரிட்டிஷ் எழுத்தாளர் ராபர்ட் ஹாரிஸ் எழுதிய வரலாற்றுத் திகில் நாவல்களில் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது?

மிகச் சிறந்தது 'ஆன் ஆஃபீசர் அண்ட் எ ஸ்பை'. மிக மோசமானது 'தி செகண்ட் ஸ்லீப்'. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய நாவல்களில் பெரும்பாலானவற்றை இரண்டு முறையாவது படித்திருக்கிறேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். என் ரசனைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் 26 ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்தேன். நீதிபதி சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, மாலையில் தட்டச்சு செய்து, மறுநாள் காலை கையெழுத்துக்கு வைக்க வேண்டும். வழக்குக் கட்டில் ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் கதியே மாறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஹாரிஸ் அந்தத் தாள்களின் எழுத்தாளர். அவர் கதையில் துப்பாக்கி வெடிக்கும் இடத்தைவிட, யாரோ ஒருவர் பழைய கோப்பின் நாடாவை அவிழ்க்கும் இடத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தாளோடு அவர் நிற்கும் வரை அவரை மிஞ்ச ஆளில்லை. அதை விட்டுவிட்டு ஓட்டம், துரத்தல், கடைசிப் பக்க அதிர்ச்சி என்று போகும்போதெல்லாம் சறுக்கியிருக்கிறார்.

2013இல் வந்த 'ஆன் ஆஃபீசர் அண்ட் எ ஸ்பை', பிரான்சை உலுக்கிய டிரைஃபஸ் வழக்கின் கதை. ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றதாக 1894இல் தண்டிக்கப்பட்ட யூத அதிகாரி டிரைஃபஸ், டெவில்ஸ் தீவில் தனிமைச் சிறையில் அடைக்கப்படுகிறார். கதையைச் சொல்பவர் கர்னல் பிக்கார். டிரைஃபஸ் ஒருகாலத்தில் அவருடைய மாணவர். ஆனால் பிக்காருக்கு யூதர்களைப் பிடிக்காது, டிரைஃபஸையும் பிடிக்காது. ஹாரிஸ் இதை மூடி மறைக்கவே இல்லை. நாவலின் உயரம் அங்கேதான் தொடங்குகிறது. தனக்குப் பிடிக்காத ஒரு மனிதனுக்காக, தான் உயிராக நேசிக்கும் ராணுவத்தை எதிர்த்து நிற்க வேண்டிய நிலை அவருக்கு.

உளவுத்துறையின் பொறுப்பை ஏற்ற பிக்காரிடம் 1896இல் ஒரு நீலக் கடிதம் வந்து சேர்கிறது. பாரிஸில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையைச் சுத்தம் செய்யும் பெண், அதில் கிடக்கும் காகிதத் துண்டுகளைப் பிரெஞ்சு உளவுத்துறைக்குக் கொடுத்து வந்தாள். துண்டு துண்டாகக் கிழிந்த அந்தக் கடிதத்தை ஒட்டிப் பார்த்தால், எஸ்டர்ஹேசி என்ற வேறொரு பிரெஞ்சு அதிகாரியின் முகவரி. பிறகு எஸ்டர்ஹேசியின் கையெழுத்து பிக்காரின் கைக்குக் கிடைக்கிறது. டிரைஃபஸைச் சிறைக்கு அனுப்பிய ஆவணத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் ஒரே கை. அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு தாள்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டின் ராணுவத் தலைமையே பொய் சொல்லியிருக்கிறது என்பது அந்த மேசைமீது கிடக்கிறது.

குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் முறைக்காகப் பெயரெடுத்த பெர்ட்டில்லான், முதல் விசாரணையில் கையெழுத்தை ஆராய வந்து, டிரைஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலி செய்துகொண்டார் என்று சாதித்தவர். எஸ்டர்ஹேசியின் எழுத்தைக் காட்டியதும், யூதர்கள் யாருக்கோ பயிற்சி கொடுத்து இப்படி எழுத வைத்திருக்கிறார்கள் என்றார். இதெல்லாம் வரலாறு. ஹாரிஸ் எதையும் மிகைப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. 1906இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிறது. பிக்கார் போர் அமைச்சர் ஆகிறார். சிறையில் கழிந்த ஆண்டுகளும் தன் பணி மூப்பில் சேர வேண்டும் என்று டிரைஃபஸ் அவரிடமே கேட்டு வரும் கடைசிச் சந்திப்பைப் படித்துப் பாருங்கள். இருவரும் கட்டித் தழுவிக்கொள்வதில்லை. என் மனதில் அந்த அறை இன்னும் இருக்கிறது.

பலரும் முதலிடம் கொடுக்கும் 'ஃபாதர்லேண்ட்' (1992) என் பட்டியலில் இரண்டாவது. ஹிட்லர் போரில் வென்றிருந்தால் என்ற கற்பனை. 1964 ஏப்ரல், பெர்லின், ஹிட்லரின் 75ஆவது பிறந்தநாளுக்கு நகரமே தயாராகிறது. ஏரிக்கரையில் ஒரு பிணம். விசாரிக்கும் மார்ச் என்ற அதிகாரிக்கு யூதர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியாது. படிக்கும் நமக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு கதவாகத் திறக்கும்போது, 'வேண்டாம், திறக்காதே' என்று கத்தத் தோன்றும். இங்கும் நடுவில் இருப்பது தாள்தான். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்ஸியில், யூதர்களை ஒழிக்க நாஜிகள் திட்டமிட்ட கூட்டத்தின் குறிப்பு 30 பிரதிகள் எடுக்கப்பட்டது. நிஜத்தில் பிழைத்தது ஒன்றே ஒன்று, மார்ட்டின் லூதர் என்ற வெளியுறவுத்துறை அதிகாரியின் பிரதி. போருக்குப் பின் 1947இல் கோப்புகளுக்கிடையே கண்டெடுத்தார்கள். அந்த ஒரு பிரதியும் கிடைக்காமல் போயிருந்தால் என்ற அச்சத்திலிருந்துதான் இந்த நாவல் முளைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்டைய ரோமின் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவைப் பற்றிய மூன்று நாவல்களில் 'இம்பீரியம்' என் நெஞ்சுக்கு மிக நெருக்கம். காரணம் டைரோ. சிசரோவின் அடிமை, செயலாளர், சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கியவர் என்று வரலாறு சொல்லும் மனிதர். எதிரிகளின் ரகசியப் பேச்சை ஒளிந்திருந்து அவர் குறிப்பெடுக்கும் காட்சி ஒன்று வருகிறது. ஒரே நேரத்தில் இருவர் பேசும்போது எதை விடுவது, எதைப் பிடிப்பது என்ற தவிப்பு எனக்குத் தெரியும். பென்சிலை அழுத்திப் போட்டால் ஒரு ஒலி, லேசாகப் போட்டால் வேறொன்று என்று பிட்மன் முறையில் பழகிய விரல்கள், அதைப் படிக்கையில் தாமாகவே மடங்கின. 'லஸ்ட்ரம்' அதற்குச் சமம். 'டிக்டேட்டர்' அவசரம், 15 ஆண்டுகளை ஒரே புத்தகத்தில் அடைத்துவிட்டார்.

'பாம்பெய்' நன்றாகவே இருக்கிறது. எரிமலையைவிட அந்தக் கால்வாய்ப் பொறியாளனின் வேலைதான் அதில் சுவை. வில்லன் மட்டும் கூத்து அரக்கன்போல.

இனி மோசமானவை. 'ஆர்க்ஏஞ்சல்' எனக்கு வருத்தம் தந்த நாவல். ஸ்டாலின் விழுந்து கிடந்த இரவைப் பற்றி ஒரு முதியவர் சொல்லும் தொடக்கமும், புதைக்கப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகமும் அபாரம். அது கைக்கு வந்த பிறகு கதை பனிக்காட்டுக்குள் ஓடிக் களைத்துவிடுகிறது. 1938இல் பிரிட்டன் ஹிட்லரோடு செய்த உடன்பாட்டைப் பற்றிய 'மியூனிக்'கில் குறையில்லை, ஆனால் நாயகர்கள் இருவரும் எதையும் அசைக்க முடியாது என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால் பிடி தளர்கிறது.

'தி செகண்ட் ஸ்லீப்' வேறு ரகம். 1468 என்று தொடங்கும் கதை, சில பக்கங்களிலேயே நம் காலடி நிலத்தை உருவிவிடுகிறது. எப்படி என்று சொல்ல மாட்டேன். அந்த இடம் அற்புதம். அதன் பிறகு எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடி 300 பக்கங்கள் வந்தவனை, பதிலே தராமல் ஒரு விபத்தைக் கொண்டுவந்து மூடிவிடுகிறார். ஆவணம் இல்லாத உலகத்தை அவர் எழுதியது அதில்தான்; பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

2024இல் வந்த 'பிரெசிபிஸ்' அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்க்வித், முதல் உலகப் போர் நாட்களில் வெனிஷியா ஸ்டான்லி என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதங்கள் நிஜமானவை. அவளுடைய பதில்கள் மிஞ்சவில்லை. அவற்றை ஹாரிஸ் எழுதியிருக்கிறார். எது நிஜம், எது அவர் கை என்று பிரித்தறிய முடியவில்லை.

புதிதாகப் படிப்பவர் 'ஃபாதர்லேண்ட்'டில் தொடங்கலாம். டிரைஃபஸ் நாவலில் ஜெனரல்களும் கர்னல்களும் மேஜர்களும் வரிசையாக வந்து குழப்புவார்கள். முதல் 50 பக்கங்களுக்கு ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய தாள் இன்னும் என் பிரதிக்குள் இருக்கிறது, எஸ்டர்ஹேசியின் பெயருக்குக் கீழே இரட்டைக் கோட்டுடன்.