எஞ்சினியரிங் படித்தவர் ரேஸ் டிரைவரானால் அந்தப் படிப்பு உதவுமா?

நீங்கள் மெக்கானிக்கல் படிக்கிறீர்கள், வீட்டில் "படிப்பா, ரேஸா" என்று சண்டை என வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதவும். மார்க் டானஹ்யூவைப் பாருங்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1959-ல் எஞ்சினியரிங் முடித்தவர், பென்ஸ்கி அணிக்காக 1972-ல் அமெரிக்காவின் பெரிய ரேஸான இண்டியானாபொலிஸ் 500 ஜெயித்தவர். "ஸ்டியரிங்கில் கை லாவகமாக இருந்தால் போதும், படிப்பு எதற்கு" என்று கமெண்ட்டில் கிளம்புகிறவர்கள் முதலில் ஸ்கிட்பேட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

வளைவில் டயரின் பிடிமானத்தை அளக்கும் வட்டம் அது. டானஹ்யூ அதை விடாப்பிடியாகப் பயன்படுத்தினார். சமதளத் தார்த் தரையில் 30 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம். வண்டி வழுக்கப்போகும் எல்லையிலேயே சுற்ற வேண்டும். ஒரு சுற்று 11 விநாடி என்றால் பிடிமானம் சுமார் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), 10.5 என்றால் 1.1 ஜி. ஆரம் வண்டியின் நடுக்கோட்டுக்குத்தான். உள்சக்கரம் கோட்டின்மேல் ஓடினால் முக்கால் மீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். மூக்கு வெளியே தள்ளினால் முன் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இளக்கலாம் அல்லது பின்னதை விறைப்பாக்கலாம். ஏதாவது ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. இடமும் வலமும் சுற்றுங்கள். டயர் சூடேறினால் நேரம் மாறும், அதனால் மூன்றாவது சுற்றை மூன்றாவதோடுதான் ஒப்பிட வேண்டும்.

போர்ஷே 917 ரேஸ் காருக்கு டர்போ போட்டபோதும் இதே பிடிவாதம்தான். எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் முழு த்ராட்டிலில் எஞ்சின் பிரமாதம். வளைவில் பாதி த்ராட்டிலில் மிதித்தால் ஒன்றும் வராது, பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும். சிக்கல் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் அளவில். குறைந்த ஆர்பிஎம்மிலும் அளவைச் சரிசெய்யச் சொல்லி ஜெர்மனியில் போர்ஷேயின் சோதனை மையமான வைசாக்கில் எஞ்சினியர்களோடு உட்கார்ந்துவிட்டார். அந்த டர்போ வண்டியின் 917/30 மாடலில், வட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் தொடரான கேன்-ஆமின் 1973 பந்தயங்கள் எட்டில் ஆறு அவருடையவை.

1975 ஆகஸ்ட் 9-ல் அதே 917/30-ஐ அமெரிக்காவின் டல்லடேகா ரேஸ் தடத்தில் மணிக்கு 355 கி.மீ. சராசரியில் ஓட்டினார். பத்தே நாளில் இறந்துபோனார்: ஆஸ்திரியா கிராண்ட் பிரீ அன்று காலைப் பயிற்சியில் டயர் போய், தடுப்பைத் தாண்டிய விபத்து.