எலந்தப்பயமும் நலந்தானாவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன வாரம் அலுவலக நண்பர்களோடு காரில் போகும்போது என் போன் தானாகவே காரோடு இணைந்து, நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து 'எலந்தப்பயம்' பாட்டைப் போட்டுவிட்டது. ஒரே சிரிப்பு. 'கில்ட்டி பிளஷர்' என்று சொல்லிச் சமாளித்தேன். ராஜா கேட்பேன், கொஞ்சம் கர்நாடக இசையும் உண்டு. ஆனால் களைத்துப்போன நேரத்தில் கை இதைத்தான் தேடுகிறது. என் ரசனையில் கோளாறா? அந்தக் காலத்து நல்ல பாட்டுகளுக்கு ஒரு பட்டியல் தந்தால் காதைப் பழக்கிக்கொள்வேன். பழைய இசைத்தட்டுகள் வாங்கலாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

இசைத்தட்டு உங்கள் பணம், உங்கள் அலமாரி. எனக்குக் கருத்தில்லை. நண்பர்கள் சிரித்ததையும் விடுங்கள், ஓசிச் சவாரியில் வருகிறவர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தப் பாட்டைக் காட்டிக்கொடுத்தீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. கொஞ்ச நாளாக ராத்திரியில் அதைப் பாடிய எல்.ஆர். ஈஸ்வரியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து இப்படி ஒரு கடிதம்.

'எலந்தப்பயம்' 1968-இல் வந்த 'பணமா பாசமா' படத்தில் வருகிறது. இசை கே.வி. மகாதேவன், பாட்டு கண்ணதாசன். 'தில்லானா மோகனாம்பாள்' வந்ததும் அதே வருஷம்தான். அதில் 'நலந்தானா'வுக்கு இசை யார்? மகாதேவன். எழுதியது? கண்ணதாசன். முந்தைய வருஷத்து 'கந்தன் கருணை'க்காக, சிறந்த இசையமைப்புக்கென்று கொடுக்கப்பட்ட முதல் தேசிய விருதையே வாங்கிய மனுஷர். பழம் விற்கிறவள் எப்படிக் கூவுவாள், காயம்பட்டுத் தேறிவந்த நாயனக்காரரை ஒரு நாட்டியக்காரி சபை நடுவே எப்படி விசாரிப்பாள், இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. போட்டவருக்கு வராத வெட்கம் கேட்கிற உங்களுக்கு எதற்கு?

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். ரேடியோவில் இந்தக் குரல் வந்தாலே 'கிளப் டான்ஸ்காரி' என்று எழுந்துபோய் அணைத்துவிடுவார். ஆடி பிறந்து கோயில் குழாயில் 'செல்லாத்தா செல்ல மாரியாத்தா' கேட்டால் வாசலுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அவர்தான். அக்கா கல்யாணத்தில் மைக் செட்காரரிடம் ஆள் அனுப்பி 'வாராயென் தோழி வாராயோ' போடச் சொன்னதும் அவரேதான். மூன்றும் ஒரே ஆள் பாடினது பெரியம்மா என்றேன். "போடா, உனக்கு என்ன தெரியும்" என்றார்.

பெரியம்மா பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமாதான். கதாநாயகிக்குப் பெரும்பாலும் சுசீலா, பழம் விற்கிறவளுக்கும் கிளப்பில் ஆடுகிறவளுக்கும் ஈஸ்வரி என்று பங்கு பிரித்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பெண்களுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்ததோ அதே மரியாதைதான் குரலுக்கும். 1969-இல் 'சிவந்த மண்' படத்துக்கு விஸ்வநாதன் இசையில் 'பட்டத்து ராணி', சவுக்குச் சத்தத்துக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டே பாட வேண்டும், சுருதியும் நகரக்கூடாது. 1972-இல் 'வெள்ளி விழா'வுக்கு வி. குமார் இசையில் 'காதோடுதான் நான் பாடுவேன்', அது கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு, குரலை அவ்வளவு தூரம் இறக்கிவிட்டு உள்ளே இருக்கும் இனிப்பைச் சிந்தாமல் வைத்திருப்பது சாதாரண வேலையா? எத்தனை பேரால் இரண்டையும் பாட முடியும், சொல்லுங்கள். பாடிப் பாருங்கள், வேண்டாம், குளியலறையிலாவது முயன்று பாருங்கள். இந்தக் குரலைத்தான் போனுக்குள் கள்ளக்கடத்தல் சாமான் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறீர்கள், பெரியம்மாவுக்காவது அணைக்கிற தைரியம் இருந்தது, நீங்கள் ஆசையாகக் கேட்டுவிட்டு ஆள் வந்ததும் குற்றம் என்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. களைத்த நேரத்தில் கை தேடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், இல்லையா? தர மாட்டேன். அடுத்த தடவை அந்தப் பாட்டு காரில் தானாக வந்தால் சத்தத்தைக் கூட்டுங்கள். யாராவது சிரித்தால் 'நலந்தானா'வுக்கு யார் இசை என்று கேளுங்கள். பதில் தெரியாதவர்கள் பஸ்ஸில் போகட்டும்.